துப்பாக்கியிலேயே ஸ்கோப் இருக்கும்போது பைனாகுலர் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவன் பேசினான். 1988-ல் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் செட் பிள்ளைகள் பாதி படிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. ஒன்டாரியோ மாகாணத்தில் இருபது வருஷமாக இருக்கிறான். கூட வேலை பார்ப்பவர்களோடு இந்த நவம்பரில் முதல் முறையாக மான் வேட்டைக்குப் போகிறானாம். அதற்கான பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, உரிமம் எல்லாம் முடித்துவிட்டான்.

"சார், சின்னதா ஒரு பைனாகுலர் வாங்கிக்கோன்னு சொல்றாங்க. ரைபிள் மேலேயே ஸ்கோப் இருக்கு. அதுலயே பார்த்துக்கலாமே? தனியா ஒண்ணை எதுக்குக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலையணும்?" என்று கேட்டான்.

மான் வேட்டை என்றதும் உங்களில் சிலருக்கு மனசு சங்கடப்படும். எனக்கும்தான். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே சட்டம் வேறு. எந்த மாதம், எந்த நேரம், ஆணா பெண்ணா என்று வரையறுத்து அனுமதி கொடுக்கிறார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவன் கேட்ட கேள்விக்குச் சரித்திரத்தில் நல்ல பதில் இருக்கிறது. போனில் பாதி சொன்னேன். மீதியை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பேரப் பிள்ளைகளுக்குப் பைனாகுலர் வாங்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

பிறந்ததே இரட்டையாகத்தான்

தொலைநோக்கி என்றதும் கலிலியோ பெயர் ஞாபகம் வரும். அவருக்கு ஒரு வருஷம் முன்பே, 1608 அக்டோபரில், ஹான்ஸ் லிப்பர்ஷே என்ற மூக்குக் கண்ணாடி செய்பவர் நெதர்லாந்து அரசிடம் ஒரு மனு கொடுத்தார். மிடில்பர்க் என்ற ஊர்க்காரர். தூரத்துப் பொருளைப் பக்கத்தில் காட்டும் கருவி செய்திருக்கிறேன், எனக்குத் தனி உரிமை கொடுங்கள் என்பது மனு.

அப்போது டச்சுக்காரர்களுக்கும் ஸ்பெயினுக்கும் நாற்பது வருஷமாகச் சண்டை. எதிரியின் நடமாட்டத்தை முன்கூட்டியே பார்க்கலாம் என்றால் எந்த அரசுதான் வேண்டாம் என்று சொல்லும்? கருவியைச் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு அதிகாரிகள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி செய்து கொடு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்பது முதல் நாளே அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அந்த வருஷம் டிசம்பரிலேயே லிப்பர்ஷே இரட்டைக் குழலும் செய்து காட்டினார். கருவிகளுக்காக மொத்தம் 900 கில்டர் பணம் கிடைத்தது. தனி உரிமை மட்டும் கிடைக்கவில்லை. இதே வித்தை வேறு சிலருக்கும் தெரியும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

ஆக, தொலைநோக்கி பிறந்த சில வாரங்களிலேயே பைனாகுலரும் பிறந்துவிட்டது. ஆனால் அது நல்லபடியாக நம் கைக்கு வருவதற்கு 286 வருஷம் ஆனது. ஏன் என்று பார்ப்போம்.

நீளமா, குறுகலா?

1609 ஆகஸ்டில் கலிலியோ வெனிஸ் நகரப் பெரியவர்களை மணிக்கூண்டின் மேல் ஏற்றி, கடலில் வரும் கப்பல்களைத் தன் கருவியில் காட்டினார். வெறும் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தெரிந்தன. அவருடைய கருவியில் முன்னால் குவிலென்ஸ், கண் பக்கம் குழிலென்ஸ். படம் நேராகத் தெரியும், குழாயும் குட்டை. குறை என்னவென்றால், பெரிதாக்கப் பெரிதாக்கப் பார்வைப் பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். சாவித் துவாரம் வழியாகத் தெருவைப் பார்ப்பது போல.

1611-ல் கெப்ளர் இரண்டு பக்கமும் குவிலென்ஸ் வைக்கும் முறையை எழுதினார். பரப்பு விரிந்தது. ஆனால் படம் தலைகீழாகத் தெரிந்தது. நிலாவையும் வியாழனையும் பார்ப்பவருக்குத் தலைகீழாக இருந்தால் ஒன்றும் நஷ்டமில்லை. கப்பலையும் மானையும் பார்ப்பவருக்கு அது சரிப்படாது. நிமிர்த்துவதற்கு மேலும் லென்ஸ்கள் சேர்த்தால் குழாய் நீண்டுகொண்டே போகும்.

இதனால் இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் மக்கள் முன்னால் இரண்டே வழிகள். ஒன்று, கலிலியோ முறையில் இரண்டு குட்டைக் குழாய்களைச் சேர்த்த 'ஆபரா கிளாஸ்'. வியன்னா நகரத்து வாய்க்ட்லேண்டர் 1823-ல் இதற்கு உரிமம் வாங்கினார். நாடகக் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்க அது போதும், காட்டில் போதாது. இன்னொன்று, இழுத்து நீட்டும் பித்தளைத் தொலைநோக்கி. பழைய கப்பல் படங்களில் கேப்டன் கையில் பார்த்திருப்பீர்களே, அது.

இந்தப் பித்தளைக் குழலை வேட்டையில் நன்றாகப் பழகியவர்கள் ஸ்காட்லாந்து மலைக்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே மான் வேட்டை பணக்காரர்களின் பொழுதுபோக்கு. சுடப்போகிறவர் லண்டனிலிருந்து வந்த துரையாக இருப்பார். அவரை அழைத்துப் போகிறவர் 'ஸ்டாக்கர்' என்ற உள்ளூர் வழிகாட்டி. அவர் சரிவில் மல்லாந்து படுத்து, முழங்காலில் குழலை ஊன்றி, எதிர் மலையை அங்குலம் அங்குலமாகத் தேடுவார். எது கிழட்டு மான், எது இளசு, எதைச் சுடலாம், எதை விட வேண்டும் என்று முடிவு சொல்வது அவர்தான். அவர் குழலை இறக்கித் தலையாட்டிய பிறகுதான் துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வரும். இவர்களின் கண் கூர்மை தெரிந்துதான் 1900-ல் தென்னாப்பிரிக்கப் போருக்கு லோவட் பிரபு இவர்களைத் திரட்டி 'லோவட் ஸ்கவுட்ஸ்' என்ற படையை அமைத்தார். முதல் உலகப் போரிலும் அந்தப் படையினர் தொலைநோக்கியோடு முன்னணியில் வேவு பார்த்தார்கள்.

பார்க்கிற கருவி ஒருவர் கையில், சுடுகிற கருவி இன்னொருவர் கையில். இந்த ஏற்பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத்தான் திரும்பி வருவேன்.

குழாயை மடித்தவர்கள்

நீளத்தைக் குறைக்க வழி கண்டவர் இக்னாசியோ போரோ. இத்தாலியப் பீரங்கிப்படை அதிகாரி. 1854-ல் அவர் உரிமம் வாங்கிய யோசனை எளிமையானது. முப்பட்டகம் என்று அறிவியல் பாடத்தில் படித்தீர்களே, அந்தக் கண்ணாடிக் கட்டி இரண்டை எதிரெதிரே வைத்தால் ஒளி உள்ளேயே நான்கு முறை திரும்பும். அப்படித் திரும்பும்போது தலைகீழ்ப் படம் நிமிர்ந்துவிடும். ஒளி போய்ப் போய்த் திரும்புவதால் நீளக் குழாயை மடித்து வைத்த மாதிரியும் ஆகிவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

யோசனை சரிதான். கண்ணாடிதான் சரியில்லை. முப்பட்டகத்துக்குள் ஒளி ரொம்ப தூரம் பயணம் செய்ய வேண்டும். உள்ளே குமிழி, கோடு, கலங்கல் இருந்தால் படம் கெட்டுவிடும். அந்தக் காலத்தில் அவ்வளவு சுத்தமான கண்ணாடி கிடைக்கவில்லை. நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஜெர்மனியில் யேனா என்று ஒரு சின்ன ஊர். அங்கே மூன்று பேர் சேர்ந்தார்கள். கருவி செய்யும் கார்ல் சைஸ், கணக்குப் போடும் பேராசிரியர் எர்ன்ஸ்ட் அபே, கண்ணாடி காய்ச்சும் ஓட்டோ ஷாட். 1884-ல் ஷாட்டின் கண்ணாடி ஆலை அங்கே தொடங்கியது. பத்து வருஷம் கழித்து, 1894-ல், சைஸ் நிறுவனம் முப்பட்டகப் பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார்ல் சைஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1888-லேயே காலமாகிவிட்டார்.

இந்த அபே ஏழைத் தொழிலாளியின் மகன். தன் தகப்பனார் நாள் முழுக்க நின்றபடி உழைத்து ஓய்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர். நிறுவனம் தன் கைக்கு வந்ததும் அதை ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். 1900-ல் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். சரித்திர வாத்தியாரால் இதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

1894-ல் வந்த முதல் மூன்று வகைகளைக் கவனியுங்கள்: 4×11, 6×15, 8×20. இன்றைக்குக் கடையில் 'காம்பாக்ட்' என்று விற்கும் சட்டைப்பை பைனாகுலரும் பெரும்பாலும் 8×20 அல்லது 8×25 அளவுதான். அதாவது நவீன பைனாகுலர் முதலில் வந்ததே சிறிய உருவத்தில். பெரியது பிறகு வந்தது. ஏன் பெரிதாக்கினார்கள் என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு எண்களின் கதை

8×20 என்றால் என்ன? முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 20-ஐ 8-ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர்.

நம் கண்ணின் பாவை நல்ல வெயிலில் இரண்டு, மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கும். அதனால் பகலில் 8×20 போதும், குறை தெரியாது. பொழுது சாயும்போது பாவை விரியும். இளம் வயதில் ஏழு மில்லிமீட்டர் வரைக்கும் போகும். வயது ஏற ஏற அவ்வளவு விரியாது, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து அளவில் நின்றுவிடும். விரிந்த கண்ணுக்கு 2.5 மில்லிமீட்டர் ஒளி போதாது. பெரிய பாத்திரத்தில் சின்னக் கரண்டியால் குழம்பு ஊற்றுவது போல.

வேட்டைக்காரனுக்கு இதுதான் பிரச்சினை. மான் நடுப்பகலில் வராது. விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வரும். ஒன்டாரியோவில் மான் வேட்டை நேரமே சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, மறைந்து அரை மணி கழித்து முடிகிறது. ஜெர்மனியில் இன்னும் அதிகம், மறைந்து ஒன்றரை மணி நேரம் வரை. அதனால்தான் ஜெர்மன் வேட்டைக்காரர்கள் மரப் பரண்களில் 8×56 போன்ற பெரிய பைனாகுலர்களோடு உட்காருகிறார்கள். கப்பல்காரர்கள் 7×50 வைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான். ஒளி தாராளமாக வரும். ஆனால் ஒரு கிலோ அளவுக்கு எடை.

சிறிதாகவும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்ற இந்த இழுபறிதான் இருபதாம் நூற்றாண்டுப் பைனாகுலரின் கதை. வெட்ஸ்லர் ஊரில் ஹென்சோல்ட் நிறுவனம் 1905-ல் வேறு வகை முப்பட்டகத்தோடு பைனாகுலர் செய்தது. கூரை போன்ற வடிவம். அதனால் குழாய் வளையாமல் நேராக, ஒல்லியாக வந்தது. இன்றைய காம்பாக்ட் வகைகள் பலவும் அந்தப் பரம்பரைதான்.

அடுத்து ஒளி வீணாவதைத் தடுத்தார்கள். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு ஒளி எதிரொளித்து வீணாகும். பைனாகுலருக்குள் பத்துப் பரப்பு இருந்தால் கடைசியில் கண்ணுக்கு வருவது அறுபது பங்குதான். 1935-ல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா லென்ஸ் மேல் மெல்லிய பூச்சு பூசி இந்த இழப்பைக் குறைத்தார். ஜெர்மன் ராணுவம் அதைச் சில வருஷம் ரகசியமாகவே வைத்திருந்தது. 1988-ல் கூரை முப்பட்டகத்தில் இருந்த ஒரு மங்கலையும் இன்னொரு பூச்சால் சரி செய்தார்கள். இந்தப் பூச்சுகளால்தான் இன்றைய நல்ல 8×30, அந்தக் கால 8×30-ஐவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

கண் இல்லாத கடற்படை

ஒரு போர்க் கதையும் சொல்ல வேண்டும். 1914-ல் போர் வெடித்தபோது பிரிட்டனுக்கு ஒரு சங்கடம். நல்ல பைனாகுலர் கண்ணாடிக்கு அவர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது ஜெர்மனியை. சண்டையோ அதே ஜெர்மனியோடு. அதிகாரிகளுக்குக் கொடுக்கப் பைனாகுலர் போதவில்லை. லார்ட் ராபர்ட்ஸ் என்ற முதிய தளபதி பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். குதிரைப் பந்தயத்துக்கு, நாடகத்துக்கு என்று வீட்டில் வைத்திருக்கும் பைனாகுலர்களைப் படைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. இந்த ராபர்ட்ஸ் கான்பூரில் பிறந்தவர், 1880-களில் நம் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். 1914 நவம்பரில் பிரான்சுக்கு இந்தியச் சிப்பாய்களைப் பார்க்கப் போன இடத்தில் நோயுற்று இறந்துபோனார்.

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது அங்கும் இதே கதை. கடற்படைத் துணைச் செயலாளர் மக்களிடம் 'கடற்படைக்குக் கண் கொடுங்கள்' என்று கேட்டார். ஐம்பதாயிரத்துக்கும் மேல் வந்தன. இலவசமாக வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் முடிந்தவரை உரியவர்களிடம் திருப்பியும் அனுப்பினார்கள். அந்தத் துணைச் செயலாளர்தான் பிற்பாடு ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

துப்பாக்கி மலை மலையாக இருந்தாலும், பார்க்கத் தெரியாவிட்டால் அதனால் பயனில்லை. இரண்டு வல்லரசுகள் வீட்டு வாசலில் நின்று கேட்டு வாங்கித் தெரிந்துகொண்ட பாடம் இது.

சுட்டுப் பார்த்த காலம்

பறவைகளின் விஷயத்திலும் பைனாகுலர் பெரிய மாற்றம் செய்தது. 19-ஆம் நூற்றாண்டில் பறவை ஆராய்ச்சி என்றால் முதலில் சுடு, பிறகு கையில் எடுத்துப் பார் என்பதுதான் முறை. 1889-ல் அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் மெரியம் என்ற இளம் பெண், ஆபரா கிளாஸ் வழியாகவே பறவைகளை அடையாளம் காணலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். 1900-ல் ஃபிராங்க் சாப்மன் ஒரு வேலை செய்தார். கிறிஸ்துமஸ் அன்று அணி பிரிந்து யார் அதிகம் சுடுகிறார்கள் என்று போட்டி வைப்பது அங்கே வழக்கம். சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்றார் அவர். முதல் வருஷம் சேர்ந்தவர்கள் 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது.

நம் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அவர் வாழ்க்கையே அங்கிருந்து திரும்பியது. நீலகிரியில் ஈ.ஆர்.சி. டேவிதார் வேட்டைக்காரராக இருந்து பாதுகாவலராக மாறியவர். 1960-களிலும் 70-களிலும் வரையாடுகளைக் கணக்கெடுத்தவர். எண்ணுவதற்குத் துப்பாக்கி உதவாது, பொறுமையான கண்தான் உதவும்.

நம் பக்கத்து வேடந்தாங்கல்காரர்களுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஏரியில் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர் மக்கள் போய் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் ப்ளேஸ் அவர்களுக்கு ஆதரவாக உத்தரவு கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த வேடந்தாங்கலுக்குத்தான் 1988 ஜனவரியில் உங்களில் நாற்பது பேரை அழைத்துப் போனேன். ஞாபகம் இருக்கிறதா? நாற்பது பேருக்கு ஒரே ஒரு பைனாகுலர். தெரிந்த ஒருவரிடம் கெஞ்சி இரவல் வாங்கியது. ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று வரிசை கட்டினேன். ஒருவன் மட்டும் கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டான். வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். அடுத்து வாங்கிய பெண், "சார், இவன் என்னமோ பண்ணிட்டான், ஒரே மங்கலா இருக்கு" என்று புகார் சொன்னாள். இரவல் பொருள் கெட்டுவிட்டதே என்ற பதற்றத்தில் எல்லோர் முன்னாலும் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். ஏன் திருகினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னான். "சார், அதைக் கடைசி வரைக்கும் திருகினாத்தான் எனக்குத் தெரியுது. நத்தைகுத்தி நாரைக்கு மூக்கு நடுவுல சந்து இருக்குன்னு நீங்க பாடத்துல சொன்னீங்களே, அதை இன்னைக்குத்தான் சார் பார்த்தேன்."

அந்த வளையம் இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதற்காக வைத்தது. அதைக் கடைசி வரை திருப்பினால்தான் தெரிகிறது என்றால் என்ன அர்த்தம்? மறுநாள் அவன் இடது கண்ணை மூடச் சொல்லிக் கரும்பலகையைப் படிக்கச் சொன்னேன். முதல் பெஞ்சிலிருந்தே படிக்க முடியவில்லை. வலது கண்ணில் நல்ல கிட்டப்பார்வை. பத்து வருஷம் பள்ளியில் படித்தான், எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மாதமே கண்ணாடி போட்டார்கள்.

அவன்தான் இப்போது கனடாவிலிருந்து பேசியவன். அந்தக் குட்டு அவனுக்கு மறந்துவிட்டது என்கிறான். எனக்கு மறக்கவில்லை. பார்ப்பதற்கு முன்னால் கை நீண்டுவிட்டது, அவ்வளவுதான் அதில் நடந்தது.

அவனுக்கு நான் சொன்ன பதில்

ஸ்கோப் வழியாகப் பார்க்க வேண்டுமென்றால் துப்பாக்கியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். புதர் அசைகிறது, என்ன என்று பார்ப்போம் என்று ஸ்கோப்பை வைத்தால், அங்கே இருப்பது மானா மனிதனா என்று தெரிவதற்கு முன்பே குழல் அவனை நோக்கித் திரும்பிவிட்டது. சுட நினைக்காத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே என்பதுதான் துப்பாக்கிப் பாதுகாப்பில் ஆரம்பப் பாடம். உன் வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். கொம்புள்ள ஆண் மானுக்குத்தான் அனுமதி என்றால் கொம்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கும் குழலைத் தூக்கக் கூடாது. பைனாகுலரில் பார், இறக்கு, யோசி, பிறகு முடிவு செய். ஸ்காட்லாந்தில் இரண்டு ஆள் செய்ததை நீ ஒருவனே செய்ய வேண்டும் என்பதால்தான் இரண்டு கருவி. அந்தக் கருவி மாறுகிற நேரத்தில்தான் புத்தி வேலை செய்யும்.

சிறியதாக வாங்குவதன் நியாயமும் இதில்தான் இருக்கிறது. கனமானதை வாங்கினால் நாலு மணி நேரத்தில் கழுத்து வலித்துப் பைக்குள் போய்விடும். பைக்குள் போனால் கை தானாக ஸ்கோப்புக்குப் போகும். எப்போதும் நெஞ்சில் தொங்குகிற அளவுக்கு லேசாக இருக்க வேண்டும். ஆனால் அந்தியில் பயன்படாத அளவுக்குச் சிறிதாகவும் கூடாது.

அதனால் நான் சொன்னது இது. சட்டைப்பையில் போடும் 8×20 நடைப்பயணத்துக்கும் பகல் நேரத்துக்கும் சரி. வேட்டைக்கு 8×30 அல்லது 8×32 வாங்கு. 20 மில்லிமீட்டர் லென்ஸைவிட 30 மில்லிமீட்டர் லென்ஸ் இரண்டேகால் மடங்கு ஒளி வாங்கும். எடை சுமார் அரை கிலோதான். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்படாதே. கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும், பரப்பும் குறையும். நானே ஒருமுறை சென்னையில் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாந்து ஒன்று வாங்கினேன். இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் தலைவலி. சிவப்பாக மினுங்கும் லென்ஸைப் பார்த்தும் மயங்க வேண்டாம்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கண்ணுக்கும் பைனாகுலருக்கும் நடுவில் பதினைந்து மில்லிமீட்டராவது இடைவெளி விட்டாலும் முழுப் படம் தெரிகிற வகையா என்று கேளுங்கள். கண் பக்க ரப்பர் வளையம் உள்ளே இறங்க வேண்டும். உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடியதாக இருந்தால் குளிரிலும் மழையிலும் உள்பக்கம் ஆவி படியாது. வாங்கியதும் இடது கண்ணால் நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு வலது கண்ணால் பார்த்து அந்தப் பக்கத்து வளையத்தைத் திருப்புங்கள். ஒருமுறை செய்தால் போதும். பேரப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது அந்த வளையம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். கடைசி வரைக்கும் போனால் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

நேற்று அவன் செய்தி அனுப்பினான். 8×32 வாங்கிவிட்டானாம். வீட்டுப் பின்பக்கத்தில் அணிலையும் பறவையையும் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறான். "வளையத்தைத் திருகிட்டேன் சார், இப்ப யாரும் குட்ட மாட்டாங்க" என்று எழுதியிருந்தான். கழுத்தில் மாட்டிக்கொள், பையில் வைக்காதே என்று பதில் போட்டேன்.

அந்த வேடந்தாங்கல் பயணத்தில் எடுத்த புகைப்படம் யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கள். என்னிடம் இருந்ததை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்